முழுக்கைச் சட்டை

பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் உறவுக்குள் அவருக்குப் பாய்லர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கோபமும் அதற்கேற்றபடியே இருந்ததால் அந்தப் பெயரை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. தம்பி பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் பாய்லர் பெரியப்பா என்பார்கள். காதில் விழுந்தாலும் விழாததுபோல் இருந்துகொள்வார். செய்த வேலையின் பெயரால் ஒருவரைக் கூப்பிடுவதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை என்பது அவர் எண்ணம்.

வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் முழுக்கைச் சட்டைதான். மணிக்கட்டுப் பொத்தானும் பூட்டியிருக்கும். அனலுக்குப் பக்கத்தில் நின்று நின்று வந்த பழக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். முன்பு அது உண்மைதான். இப்போது காரணம் வேறு. அதை அறிந்தவள் அந்த வீட்டில் ஒருத்திதான்.

அவளைச் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். நர்ஸ் படிப்பெல்லாம் படித்தவள் இல்லை. ஏஜென்சி அனுப்பிவைத்த ஆள். காலையில் வந்து பாய்லரின் மனைவியைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, நடக்கவைத்து, மாலையில் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அதற்குப் பிறகு விடியும்வரை எல்லாம் அவர் பொறுப்பு.

மனைவிக்கு மறதி நோய் வந்து நாலு வருஷமாகிறது. முதலில் சாவியை மறந்தாள், பிறகு தெருவை மறந்தாள், போன மழைக்காலத்தில் அவரை மறந்தாள். கல்யாணமான நாளிலிருந்து 'என்னங்க' என்று கூப்பிட்ட வாய் இப்போது அவரைச் சார் என்கிறது. வீட்டுக்கு வந்த யாரோ பெரிய மனிதர் என்ற நினைப்பில் மரியாதையாகத்தான் பேசுவாள். ஆனால் இருட்டிய பிறகு அந்தப் பெரிய மனிதர் பக்கத்தில் வந்து உடை மாற்றிவிட முனைந்தால் கதை வேறாகிவிடும். இதை அவர் தன் மகளிடம்கூடச் சொல்லவில்லை. உறவுக்காரர்கள் வரும்போது வாசலிலேயே நின்று, "இதோ பாரு யார் வந்திருக்காங்கன்னு" என்று அவர் முந்திக்கொள்வார். அவளும் சிரித்தபடி, "வாங்க வாங்க" என்பாள். வந்தவர்கள் திருப்தியாகப் போய்விடுவார்கள்.

ஏஜென்சிக் கட்டணம் முதலில் வருஷத்துக்கு ஒரு தரம் ஏறியது. அப்புறம் வருஷத்தில் இரண்டு தரம். கேட்டால், "ஆளே கிடைக்கலைங்க, இப்ப எல்லா வீட்லயும் வயசானவங்க இருக்காங்க" என்றார்கள். அவருடைய பென்ஷனோ காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. வந்த அன்றைக்கே ஏஜென்சிக்குப் போய்விடும். மருந்துக்கும் டயப்பருக்கும் சேமிப்பிலிருந்து எடுத்தார். சேமிப்பு இப்போது அடிமட்டத்தைத் தொட்டுவிட்டது. மகள் கொடுக்கிறேன் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பணம் இந்த வாசற்படி ஏறக்கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அந்த நகரத்தில் இப்படிப்பட்டவர்களுக்குப் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. சம்பளத்தில் பிடித்த காசிலிருந்து வருவது என்பதால் கை நீட்டுவதாகாது என்று மகள் ஒருவழியாக அவரைச் சம்மதிக்கவைத்தாள். அலுவலகத்திலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்து, எவ்வளவு துணை தேவை என்று எழுதுவார். அவர் எழுதுவதை வைத்துத்தான் தொகை.

முதல் தடவை ஓர் இளைஞன் வந்தான். அவன் வருவதற்கு முந்தைய நாளே பாய்லர் வீட்டை ஒரு கை பார்த்துவிட்டார். கூடத்தில் இருந்த கமோடு நாற்காலி பின்னறைக்குப் போனது. ரப்பர் விரிப்பு பரணுக்குப் போனது. மனைவிக்குத் தலை வாரி, இஸ்திரி போட்ட உடுப்பு உடுத்தி, கடிகாரம்கூடக் கட்டிவிடச் சொன்னார்.

"சார், அவங்க பொண்ணு பார்க்கவா வர்றாங்க?" என்றாள் சிஸ்டர்.

"அந்நியன் வீட்டுக்குள்ள வர்றான். எங்க வீட்டு மனுஷியை அலங்கோலமாப் பார்த்துட்டுப் போகக்கூடாது."

இளைஞன் வந்தான். அவள் குசலம் விசாரித்தாள். குளிப்பது யார் உதவியோடு என்று கேட்டதற்கு, "இந்த வயசுல எனக்கு யாரு குளிப்பாட்டணும்?" என்று சிரித்தாள். அவன் பாய்லரைப் பார்த்தான். பாய்லர் தலையை ஆட்டினார். ராத்திரியில் தொந்தரவு உண்டா என்று கேட்டான். "எங்க வீட்ல அப்படியெல்லாம் எதுவும் கிடையாது" என்றார். அவன் இரண்டு கோப்பை டீ குடித்து, தட்டிலிருந்த பிஸ்கட்டையும் காலி செய்துவிட்டுப் போனான்.

கடிதம் வந்தது. 'தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளக்கூடியவர். நல்ல நினைவாற்றல். குடும்பத்தினரின் கவனிப்பு மிகச் சிறப்பு.' நற்சான்றிதழ் படிப்பதுபோல் அதைச் சத்தமாகப் படித்தார். மகள் அதை வாங்கிக் கடைசி வரியைக் காட்டினாள். உதவித்தொகை மறுக்கப்படுகிறது.

"அப்பா, அம்மாவுக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிக் குடுத்துட்டீங்க" என்றாள் மகள். "போங்க, ஃபிரேம் போட்டு மாட்டுங்க."

அவர் கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துவைத்தார். தன் காலத்தில் ஆய்வுக்குப் போன ஆலைகளில் எல்லாம் முதல் நாள் பெயிண்ட் அடித்துவைத்திருப்பார்கள். கைப்பிடிக் கம்பி பளபளக்கும். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்து ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். பெயிண்டுக்கு அடியில் துரு இருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். "நான் பெயிண்ட் பார்க்க வரலை" என்று எத்தனையோ மானேஜர்களை முகம் வெளுக்கவைத்தவர். இப்போது அவரே பெயிண்ட் அடித்திருக்கிறார், அதுவும் நன்றாகவே.

மேல்முறையீடு ஒரே ஒரு தடவைதான் என்றார்கள். அதிலும் மறுத்தால் மாதக் கடைசியோடு சிஸ்டர் நின்றுவிடுவாள். எழுபத்தெட்டு வயதில் அவர் ஒருவரால் பகலும் இரவும் மனைவியைத் தூக்கி எடுக்க முடியாது. மகள் விசாரித்துவைத்திருந்த முதியோர் இல்லங்களில் அவர்களுக்குக் கட்டுப்படியாவது ஒன்றே ஒன்று. ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரம், பொது வார்டு. பாய்லர் ஒருநாள் பஸ் ஏறிப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். சுத்தமாகத்தான் இருந்தது. யாரும் யாரையும் கொடுமைப்படுத்தவில்லை. வரிசையாகக் கட்டில்கள். குளிப்பாட்டச் சுலபமாக இருக்கட்டும் என்று எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மணிக்கட்டில் எண் எழுதிய பட்டை. உறவினர் பார்க்கும் நேரம் என்று சுவரில் எழுதியிருந்தது. அந்த நேரம் முடிந்ததும் ஒரு பெண் வந்து விளக்கை ஒவ்வொன்றாக அணைத்தாள்.

"அங்க விடமாட்டேன்" என்றார் வீட்டுக்கு வந்து.

"அப்ப இந்தத் தடவை ஒழுங்கா இருங்க" என்றாள் மகள். "எதையும் ஒளிக்காதீங்க. அந்த நாற்காலி கூடத்துலயே இருக்கட்டும். அம்மாவுக்கு மேக்கப் வேண்டாம். அம்மா பாட்டுக்கு நல்லாப் பேசிட்டே இருந்தா, நான் ஒரு டீ போடச் சொல்றேன். சமையக்கட்டுக்குள்ள போனா என்ன ஆகும்னு வர்றவங்களே பார்க்கட்டும்."

"அது நடக்காது."

"ஏன்ப்பா?"

"அந்நியர் முன்னால அவளுக்குப் பரீட்சை வெச்சுத் தோக்க வைக்கிறதா? அவ இந்த வீட்டுத் தலைவி. சர்க்கஸ்ல வேடிக்கை காட்டவா வந்திருக்கா?"

"அப்ப ஹைவே வார்டுல கட்டில் பார்த்துடலாமா?"

அவர் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். அவருக்குக் கோபம் வந்தால் வாசலுக்குப் போவார். அந்த வாசலில் நின்று குரல் உயர்த்தக்கூடாது என்பது அவரே வைத்த சட்டம்.

ஆய்வு நாள் வந்தது. மகள் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். கமோடு நாற்காலி கூடத்தின் நடுவில், தலைமை தாங்க வந்ததுபோல் இருந்தது. பாய்லர் அதைச் சுற்றி மூன்று நடை நடந்தார். மகள் உள்ளே போன சமயம் பார்த்து, பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து அதன் மேல் போர்த்திவிட்டார். அது போதாதென்று சீப்பை எடுத்து மனைவியின் தலையையும் வாரிவிட்டார். சிஸ்டர் பார்த்தாள்.

இந்தத் தடவை வந்தது ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கியது. உள்ளே நுழைந்ததும் சுவரில் பொருத்தியிருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்தாள். பாய்லர் அதைக் கவனித்தார். பிறகு அவள் நேராகப் போய் அந்தப் பூப்போட்ட நாற்காலியில் உட்காரப் போனாள்.

"அதுல வேண்டாம் மேடம்" என்று சிஸ்டர் ஓடிவந்தாள்.

"ஏன், விருந்தாளிக்குன்னு தனியா வெச்சிருக்கீங்களா?"

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். மகள் வேறு நாற்காலியை இழுத்துப் போட்டு, அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"டீ சாப்பிடறீங்களா?" என்றார் பாய்லர்.

"வேண்டாம் சார். வேலைக்குப் போற இடத்துல நான் தண்ணிகூடக் குடிக்கிறதில்லை."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரும் அப்படித்தான். ஆலைகளில் இளநீர் வெட்டி நீட்டினால்கூடக் கையை எடுக்கமாட்டார். இவளும் நம்ம மாதிரி இன்ஸ்பெக்டர்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மதிப்பீட்டாளர் மனைவியின் பக்கம் திரும்பினாள். "எப்படிம்மா இருக்கீங்க?"

"எனக்கென்ன, நல்லா இருக்கேன். உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா? குழந்தைங்க என்ன படிக்கிறாங்க?"

"நல்லாப் படிக்கிறாங்க. நீங்க எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"எல்லாருக்கும் முன்னால. காலையில பச்சைத் தண்ணியிலதான் குளிப்பேன். வெந்நீரெல்லாம் சோம்பேறிங்களுக்கு."

முப்பது வருஷத்துக்கு முன்னால் அது உண்மை. மதிப்பீட்டாளர் எழுதிக்கொண்டாள்.

"சமையல்?"

"நான்தான். வேற யாரு?" சிஸ்டரைக் கையால் காட்டினாள். "இவங்களுக்கெல்லாம் உப்பு எது, சர்க்கரை எதுன்னே தெரியாது."

"அது சரி, நல்லாக் கேட்டுக்கோங்க" என்று முணுமுணுத்தாள் சிஸ்டர்.

கேள்வி மேல் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் தடுமாறாமல் பதில் வந்தது. நோய் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனாலும், வாசல் ஏறி வந்தவர்களை உபசரிக்கும் பழக்கத்தை மட்டும் அவளிடமிருந்து பிடுங்க முடியவில்லை. பாய்லருக்கு நெஞ்சு ஒருபக்கம் நிறைந்தது. இன்னொரு பக்கம் அந்த வார்டும் ஒட்ட வெட்டிய தலைகளும் கண்முன் வந்தன. பேனா முதல் தடவை ஓடிய பாதையிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

மகளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "அம்மா" என்றாள் மெல்ல. "இவங்க அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காங்களே."

"ஆமா, நான் பாரு பேசிட்டே உக்காந்திருக்கேன். இருங்க, டீ கொண்டாரேன்." அவள் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல வந்த மதிப்பீட்டாளர் சொல்லாமல் நிறுத்தினாள். எழுதுவதையும் நிறுத்திவிட்டு, அவள் நடப்பதைப் பார்த்தாள்.

சமையலறை இடப்பக்கம். அவள் வலப்பக்கம் இரண்டடி வைத்து நின்றாள். சுவரைப் பார்த்தாள். கதவு இருக்கவேண்டிய இடத்தில் சுவர் இருப்பது அவளுக்குப் புரியவில்லை. முகத்திலிருந்த சிரிப்பு மாறவில்லை, ஆனால் கை விரல்கள் உடுப்பின் ஓரத்தைக் கசக்க ஆரம்பித்தன.

இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் எல்லாம் வெட்டவெளிச்சமாகியிருக்கும். அவர் வாயைத் திறக்கவே வேண்டியிருக்காது. ஆனால் பாய்லர் எழுந்துவிட்டார். போய் அவள் முழங்கையைப் பிடித்தார்.

"நீ உக்காரு. டீ அப்புறம் பார்த்துக்கலாம். நான் இவங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

மனைவியை உட்காரவைத்துவிட்டு மதிப்பீட்டாளர் முன்னால் வந்து நின்றார். உட்காரவில்லை. மேலதிகாரி முன்னால் அறிக்கை கொடுப்பதுபோல் நின்றார்.

"மேடம், நானும் இன்ஸ்பெக்டரா இருந்தவன். பாய்லர் இன்ஸ்பெக்டர். இதுவரைக்கும் நீங்க பார்த்தது பெயிண்ட். போன தடவை வந்தவருக்கும் அதைத்தான் காட்டினேன். அவளைப் பரீட்சை பண்ண வேண்டாம். கேக்க வேண்டியதை என்னைக் கேளுங்க."

இடது கைப் பொத்தானைக் கழற்றப் பார்த்தார். விரல் வழுக்கியது. சிஸ்டர் ஓரடி முன்னால் வந்தாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தானே கழற்றி, முழங்கைக்கு மேல் சுருட்டினார். பிறகு வலது கை.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நகக்கீறல்கள். காய்ந்தவை, காயாதவை. ஓரிடத்தில் பல் பதிந்த தடம், ஓரம் மஞ்சளாகியிருந்தது.

"அப்பா" என்றாள் மகள்.

"ராத்திரியில துணி மாத்தணும், சுத்தம் பண்ணணும். அப்ப நான் அவளுக்கு யாரோ ஒருத்தன். அந்நிய ஆம்பளை ஒருத்தன் வந்து தொட்டா மானமுள்ள பொம்பளை என்ன செய்வாளோ அதைத்தான் அவ செய்யறா. அதுல அவ தப்பு ஒண்ணும் இல்ல. அதை எழுதும்போது அப்படியே எழுதுங்க."

"எவ்வளவு நாளா சார் உங்களை அடையாளம் தெரியலை?"

"போன மழைக்காலத்துலேருந்து."

மகள் சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் தரையைப் பார்த்தாள். "சொல்லக்கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு, அக்கா" என்றாள்.

இதற்குள் மனைவியின் கண் அவர் கையில் விழுந்துவிட்டது. எட்டி அவர் விரல்களைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஐயோ பாவமே. யாரு சார் உங்களை இப்படிப் பண்ணது?"

அவர் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை.

"வயசானவரைப் போய் இப்படிப் பிறாண்டி வெச்சிருக்காங்களே. உங்க வீட்ல கேக்க ஆளே இல்லையா?" பல் தடத்தை விரலால் மெதுவாகத் தடவிக்கொடுத்தாள். பிறகு மதிப்பீட்டாளரைப் பார்த்து, "இவர் ரொம்ப நல்ல மனுஷர். ஒரு அதட்டல் கிடையாது. எங்க வீட்டுக்காரர் வரட்டும், சொல்றேன். அவர் இன்ஸ்பெக்டர். லேசுல விடமாட்டார்" என்றாள்.

"சரிம்மா" என்றார் பாய்லர். "அவர் வந்ததும் சொல்லுங்க."

மதிப்பீட்டாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். எழுதியிருந்த பக்கத்தைக் குறுக்காக அடித்துவிட்டுப் புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"நீங்க சொல்லலைன்னா நானும் போன தடவை மாதிரிதான் எழுதிட்டுப் போயிருப்பேன் சார்" என்றாள். "உங்க பாய்லர் எதுவும் உங்களை உக்காரவெச்சுக் குழந்தைங்க என்ன படிக்கிறாங்கன்னு கேட்டிருக்காது."

பாய்லர் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு வந்து போனது. "இல்லை. அதுங்க வெடிக்கத்தான் செய்யும்."

அப்புறம் அவள் கேட்டாள், அவர் சொன்னார். குளியல், சாப்பாடு, கழிவு, இரவு, ஒருநாள் அவள் கதவைத் திறந்துகொண்டு கடைத்தெரு வரை போனது, எதையும் விடவில்லை. அவர் குரல் ஒரே சீராக இருந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, யாருடைய கதையையோ கேட்பதுபோல் அங்கங்கே 'த்சு த்சு' என்று பரிதாபப்பட்டாள். கிளம்பும்போது மதிப்பீட்டாளர் பூப்போட்ட விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி அப்படியே விட்டாள்.

"ஒண்ணு சொல்லிடறேன் சார். நான் முழுத் துணை தேவைன்னு எழுதறேன். ஆனா தொகை ரொம்ப வருஷத்துக்கு முன்னால நிர்ணயிச்சது. ஏஜென்சி ரேட் ஏற ஏற அது பின்தங்கிட்டேதான் இருக்கும். முழுசாக் கட்டுமான்னு கேட்டா, கட்டாது."

"தெரியும்" என்றார். "நீங்க எழுதறதை எழுதுங்க. அடுத்த தடவை வரும்போது சொல்லாம வாங்க. முன்கூட்டியே தேதி சொல்லிட்டு வந்தா பெயிண்ட்தான் கிடைக்கும்."

மாதக் கடைசிக்குள் கடிதம் வந்தது. தொகை அனுமதிக்கப்பட்டது. அதே வாரத்தில் ஏஜென்சியிலிருந்தும் ஒரு கடிதம். கட்டணம் மறுபடி ஏறியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் துண்டு விழத்தான் செய்தது. பாய்லர் ஒருநாள் முழுக்க வாசலில் நின்றார். மறுநாள் மகளைக் கூப்பிட்டு, "மிச்சத்தை நீ போடு" என்றார். அவள் சரி என்று சொல்வதற்குள், "மாப்பிள்ளைகிட்ட நானே போன் பண்ணிச் சொல்லிக்கறேன். அவருக்குத் தெரியாம வேண்டாம்" என்று முடித்தார். சிஸ்டர் தொடர்ந்து வந்தாள். நெடுஞ்சாலை ஓரத்துக் கட்டில் வேறு யாருக்கோ போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தார். கூடத்துக்குள் காலெடுத்து வைத்ததும் கமோடு நாற்காலியைப் பார்த்தார். விரிப்பு எதுவும் இல்லை.

"என்னண்ணே இது, நடுக்கூடத்துல?"

"உங்க அண்ணிக்கு வேண்டியது."

"கொஞ்சம் மறைவா வெச்சா என்ன? நாலு பேர் வந்து போற இடம்."

"வரட்டும். பார்க்கட்டும்." இதே நாலு பேருக்காகத்தான் இத்தனை நாள் பரணில் ஏறி இறங்கினோம் என்று தோன்றியது. அதைச் சொல்லவில்லை. தம்பியானாலும் வீட்டுக்கு வந்தவர்.

"வாங்க, உக்காருங்க" என்றாள் மனைவி மைத்துனரைப் பார்த்து. பிறகு பாய்லரைக் காட்டி, "இந்த சாரைத் தெரியுமா உங்களுக்கு? இங்கதான் இருக்கார். ரொம்ப மரியாதையானவர்" என்றாள்.

தம்பி அண்ணனைப் பார்த்தார். எப்போதும் முந்திக்கொண்டு பேசும் அண்ணன் இந்தத் தடவை முந்திக்கொள்ளவில்லை.

"என்னைத் தெரியாது அவளுக்கு" என்றார் பாய்லர். "கொஞ்ச நாளாச்சு. நீ உக்காரு, பேசிட்டு இரு."

உள்ளேயிருந்து சிஸ்டர் கூப்பிட்டாள், அம்மாவுக்கு உடை மாற்ற வேண்டும், கூட்டிவாருங்கள் என்று. பாய்லர் அரைக்கைச் சட்டைதான் போட்டிருந்தார். எழுந்து, மனைவியின் முன்னால் குனிந்து, "போலாமாம்மா?" என்று கேட்டுவிட்டு, அவள் தலையசைத்த பிறகு கையைக் கொடுத்தார்.